எரிந்த ஆண்டை மறைக்கலாமா?

ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில் கசாப்புத் தொழிலோர் சங்கத்தினர் 1529ஆம் ஆண்டில் ஒரு மாளிகை எழுப்பினர். மரச்சட்டங்களைக் கோத்து, இடைவெளிகளைச் சுவரால் நிரப்பிக் கட்டிய அழகிய மாளிகை அது. 1945 மார்ச்சில் நேசநாட்டு விமானங்கள் பொழிந்த நெருப்புக்கு அது இரையாயிற்று. பின்னர் அவ்விடத்தில் தங்கும் விடுதியொன்று எழுந்தது. அதனையும் அகற்றிவிட்டு, 1987 முதல் 1989 வரை பழைய வடிவிலேயே மாளிகையை மீண்டும் கட்டினர்.

இது பழைய மாளிகைதானா? மரம் புதிது, கட்டிய கைகளும் புதியவை. ஆயினும் இதனைப் பொய்யென்று கூற நாம் துணியோம். பழுதைச் செப்பனிடுவது பொய்யன்று. பழுதே நேரவில்லையெனப் பாவிப்பதே பொய். முறிந்த உறவைப் புதுப்பிக்கும்போதும் நிலைமை இதுவே. அது முன்போலவே தோன்றட்டும், தவறில்லை. ஆனால் அது எரிந்த ஆண்டை நம் பிள்ளைகளிடம் நாம் மறைக்கலாகாது.