கையெழுத்துப் போட்ட செக்

அந்தச் செக் புக் என் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

திருப்பூரில் இருவர் கூட்டாக நடத்தும் சிறிய பனியன் கம்பெனி. மூத்தவர் பவர்டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்து தொழில் கற்றவர். இளையவர் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தவர். ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்து, சனிக்கிழமை சம்பளம் தவறாமல் போனால் போதும் மூத்தவருக்கு. சொந்தப் பெயரில் குழந்தைகளுக்கான உடை போட்டு ஆன்லைனில் விற்க வேண்டும் இளையவருக்கு. இருவருக்கும் வேண்டியவன் என்பதால் என்னைப் பேசித் தீர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

பேச்சு முற்றியபோது, கணக்கையே பார்த்துவிடலாம் என்று இளையவர் டிராயரைத் திறந்து செக் புக்கை எடுத்து வைத்தார். அந்தக் கணக்கில் பணம் எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். புரட்டினேன். தேதி இல்லை, பெயர் இல்லை, தொகை இல்லை. ஒவ்வொரு தாளிலும் மூத்தவரின் கையெழுத்து மட்டும் இருந்தது. இனிஷியலுக்குப் பின் வைத்த புள்ளி, அடுத்த தாளில் தடவினால் தெரியும் அளவுக்கு அழுந்தியிருந்தது.

“இது எப்பப் போட்டது?” என்று கேட்டேன்.

“போன வாரந்தானுங்க. நான் ஊர்ல இல்லாதப்ப அவருக்குச் சிரமமாயிருமில்லீங்க” என்றார் மூத்தவர்.

போன வாரம் என்றால் சண்டை உச்சத்தில் இருந்த நேரம்.

கூட்டுத் தொழில் உடைவது பணத்தால்தான் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள். இங்கே பணத்தில் ஒரு துளி சந்தேகம் இல்லை. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மனிதர், தன் கூட்டாளி காட்டும் வழியில் பத்தடி நடக்க மறுக்கிறார். இவன் என்னை ஏமாற்ற மாட்டான் என்ற நம்பிக்கை முழுதாக இருக்கிறது. இவன் போகும் வழி சரி என்ற நம்பிக்கை அறவே இல்லை. இரண்டும் ஒரே மனதில் எப்படிக் குடியிருக்கின்றன?

சிறு வயதில் பார்த்த எங்கள் பங்குக் கிணறு நினைவுக்கு வருகிறது. தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் அதில் சரிபாதி. தாத்தா மஞ்சள் வைப்பார், சின்னத் தாத்தா பருத்தி போடுவார். இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலத்திலும் தண்ணீர் முறை தவறியதில்லை. மோட்டார் ரூம் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டிருக்கும். கோட்டைப் பார்த்து மடையை மாற்றுவார்கள். மோட்டார் காயில் எரிந்துபோனால் செலவு பாதிப்பாதி. அந்த வீட்டுக்கு இந்த வீட்டிலிருந்து பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சின்னத் தாத்தா அதை எண்ணாமலே மடியில் முடிந்துகொள்வார்.

வேலை செய்யும் விதத்தில் வரும் வேறுபாட்டுக்கு அந்தக் கிணற்று முறை போதும் என்றே நினைக்கிறேன். கட்டிங், தையல், செக்கிங், டெலிவரி ஒருவர் பொறுப்பு; பையர், ரேட், துணி கொள்முதல் மற்றவர் பொறுப்பு. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இதைச் சொன்னபோது இருவரும் உடனே தலையாட்டினார்கள். ஆனால் தாத்தாவுக்கும் தம்பிக்கும் காடு வேறு வேறு. இவர்களுக்கு இருப்பது ஒரே காடு. அதில் எதை விதைப்பது என்பதை முறை வைத்துத் தீர்க்க முடியாது.

1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டமும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அன்றாட விஷயங்களில் கருத்து வேறுபட்டால் பெரும்பான்மைப்படி முடிவெடுக்கலாம். தொழிலின் தன்மையையே மாற்ற எல்லாக் கூட்டாளிகளின் சம்மதமும் வேண்டும் என்கிறது. இருவர் மட்டும் உள்ள நிறுவனத்தில் பெரும்பான்மைக்கு எங்கே போவது?

மூத்தவரின் பயத்துக்குக் காரணம் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, அவர் வேலை பார்த்த யூனிட்டுக்குத் தைக்கத் துணி வரவில்லை. கடன் வாங்கி மெஷின் போட்டவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். இளையவரோ பையர் ஒருவர் பீஸுக்குக் கொடுக்கும் விலையையும், அதே உடை கடையில் விற்கும் விலையையும் தினமும் பார்த்து வளர்ந்தவர். இருவர் சொல்வதும் அவரவர் கண்ணால் கண்டது. யார் சொல்வதைப் பொய் என்பது?

என்றோ படித்த ஹோண்டா கம்பெனியின் கதையில் இப்படி ஒரு கட்டம் உண்டு. 1948இல் சோய்சிரோ ஹோண்டா கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தகேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். எஞ்சின் ஹோண்டாவுடையது, பணமும் விற்பனையும் ஃபுஜிசாவாவுடையது. ஜப்பானில் கையெழுத்துக்கு நிகரான தன் முத்திரையையே ஹோண்டா அவரிடம் கொடுத்துவிட்டார். அதைப் படித்தபோது வியந்தேன். திருப்பூரில் அந்தச் செக் புக்கைப் புரட்டியபோதும் அதே வியப்பு. ஆனால் 1960களின் கடைசியில் காருக்குக் காற்றால் குளிரும் எஞ்சின்தான் என்று ஹோண்டா பிடிவாதமாக நின்றார். புகையைக் குறைக்க நீரால் குளிரும் எஞ்சின் வேண்டும் என்றார்கள் இளம் பொறியாளர்கள். நீங்கள் இந்தக் கம்பெனியின் தலைவராக இருக்கப்போகிறீர்களா, பொறியாளராகவா என்று கேட்டார் ஃபுஜிசாவா. ஹோண்டா விட்டுக்கொடுத்தார். 1973இல் இருவரும் ஒன்றாகவே பதவியிலிருந்து இறங்கினார்கள்.

அந்தக் கேள்வியின் அருமை புரிகிறது. யார் சொல்வது சரி என்று கேட்காமல், நீங்கள் இங்கே யாராக இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டது. ஆனால் நாம் அந்தக் கதையை விடை தெரிந்த பிறகு படிக்கிறோம். நீர் எஞ்சின் தோற்றிருந்தால் ஹோண்டாவின் விட்டுக்கொடுத்தலை யார் பாராட்டியிருப்பார்கள்? இங்கே மூத்தவர் இறங்கிவந்து அந்தப் பிராண்ட் மூழ்கினால், தையல்காரர்களின் சனிக்கிழமை சம்பளம் அதோடு போகும். இளையவர் அடங்கிப்போனால், துணிய வேண்டிய வயது கழியும். அந்த ஏக்கம் பின்னாளில் பகையாகத் திரும்பலாம்.

எவ்வளவு இழக்கத் தயார் என்று தனித்தனியாக எழுதச் சொன்னேன். மூத்தவர் ஒரு தொகை எழுதினார். இளையவர் இரண்டு வருஷம் என்று எழுதினார். ஒருவருக்கு இழப்பு பணத்தில் தெரிகிறது, மற்றவருக்குக் காலத்தில். அந்தத் தொகைக்குள், அந்தக் காலத்துக்குள், சில மெஷின்களை அந்தப் பிராண்டுக்கு ஒதுக்கிப் பார்க்கலாம் என்று இப்போதைக்குப் பேசியிருக்கிறார்கள்.

இது தீர்வா, பிரிவைத் தள்ளிப்போடும் வழியா என்று எனக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு நம்பிக்கை உள்ளவர்கள் பிரியவே கூடாது என்று ஒரு நாள் தோன்றுகிறது. அந்த நம்பிக்கை கெடாமல் இருக்கும்போதே பிரிந்துவிடுவதுதான் நல்லது என்று மறுநாள் தோன்றுகிறது. மறுபடி கூப்பிட்டால் இரண்டில் எதைச் சொல்வேன் என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.