மதிப்பெண்ணைப் பிறகு பாருங்கள்

ஒரு படைப்புக்குப் பிறர் தந்த மதிப்பெண்ணை எல்லோருக்கும் காட்டலாமா?

மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற ஆய்வாளர்களின் சோதனை 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. பெயர் தெரியாத இசைக் குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டோர் இணையத்தில் கேட்டார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும். மற்றவர்களுக்கு, தங்களுக்கு முன் வந்தவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்ற கணக்கும் தெரிந்தது.

கணக்குத் தெரிந்த இடத்தில் முந்தியது மேலும் முந்தியது; பிந்தியது மேலும் பிந்தியது. கணக்குத் தெரிந்தவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு குழுவில் கொடிகட்டிப் பறந்த பாட்டை இன்னொன்றில் சீந்த ஆளில்லை. மிக நல்லவை பெரும்பாலும் தப்பித்தன; மிக மோசமானவை பெரும்பாலும் தேறவில்லை. இடையில் நின்றவற்றின் தலையெழுத்தைக் கூட்டமே எழுதியது.

மதிப்பெண்ணும் அந்தக் கணக்கைப் போன்றதே. அதை அடியோடு மறைத்தால் புதிதாக வருபவருக்கு வழி தெரியாது. முதலிலேயே காட்டினால் அவருடைய ரசனைக்கு வேலை இருக்காது. அவர் தன் தீர்ப்பைச் சொன்ன பிறகு ஊரார் தீர்ப்பைத் திறந்து காட்டுவதே நியாயம். படைத்தவருக்கோ ஐந்து நட்சத்திரத்தைவிட ஒரு வரிக் காரணம் உதவும்.