தாண்டுபவர் யார்?



1932-ல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தின் அருகே சிறு குடிலாக எழுப்பியதுதான் நம்ம குவீன்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம். இன்று காமன்வெல்த் டிரைவில் சாமி கும்பிட வருகிற பிள்ளைகளில் பலருக்கு வேலை ஒன்-நார்த்தில், கணினித் துறையில். பதவி உயர்வு வந்ததும் அவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, நேத்து வரைக்கும் நானே கோடு எழுதினேன். இப்போ 40 பேருக்குத் தலைவன். இனிமே என் வேலை என்ன?"

பதில் கிஷ்கிந்தா காண்டத்தில் இருக்கிறது.

சீதாதேவியைத் தேடிப் போன வானரப் படை தென்கடற்கரையில் நிற்கிறது. சுக்ரீவன் கொடுத்த ஒரு மாதக் கெடு முடிந்துவிட்டது. எதிரே 100 யோசனைக் கடல். படைத்தலைவன் அங்கதன், இளைஞன். யாரால் எவ்வளவு தூரம் தாண்ட முடியும் என்று கேட்கிறான். கஜன் 10 யோசனை என்கிறான், கவாட்சன் 20 என்கிறான். முதியவரான ஜாம்பவான் 90 என்கிறார். நம்ம ஆபீஸ் மீட்டிங் மாதிரியே இருக்குதானே? கடைசியில் அங்கதன் சொல்கிறான்: நானே 100 தாண்டிவிடுவேன், திரும்பி வருவேனா என்பதுதான் சந்தேகம்.

தைரியம்தான். ஆனாலும் ஜாம்பவான் தடுக்கிறார். நீ தலைவன், இந்தப் படைக்கு வேர் நீ. உன் வேலை அனுப்புவது என்கிறார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நாம் கவனிக்கணும். வாயே திறக்காமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்த அனுமனைத் தேடிப் போகிறார். "உன்னால முடியும்பா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகரவில்லை. நீ வாயுவின் மகன், குழந்தையிலேயே சூரியனைப் பிடிக்கப் பாய்ந்தவன், இன்னின்ன வரம் பெற்றவன் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். அந்த அளவுக்கு அவனைத் தெரிந்து வைத்திருந்தார். அதன் பிறகுதான் அனுமன் வளர்ந்து நிற்கிறான்.

சரி, நம்பி அனுப்பியவர் தோற்றுப்போனால்?

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் பயணம் தோல்வி. திட்ட இயக்குநர் நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அன்று பத்திரிகையாளர் முன்னால் போய் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் வெற்றி பெற்றதும், "நீங்க போய்ப் பேசுங்க" என்று கலாமை அனுப்பினார். இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

தம்பி, மேலாளர் ஆன பிறகும் ராத்திரி 2 மணிக்கு நீயே எல்லாவற்றையும் எழுதி முடித்தால், அது உழைப்பு போலத் தெரியும். ஆனால் உன் குழுவில் இருக்கிற அனுமன் கடைசி வரைக்கும் உட்கார்ந்தே இருப்பான்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். மீட்டிங்கில் பேசாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நன்றாகச் செய்த மூன்று வேலைகளை உங்களால் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், முதலில் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

தோல்வியில் முன்னால் நிற்கும் துணிவையும், வெற்றியில் வழிவிடும் மனசையும் முனீஸ்வரன் நம் எல்லோருக்கும் அருளட்டும்.