தைத்த துணியும் தெய்வ சந்நிதியும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர் வீடுகளில் ஆயுத பூஜையன்று நடைபெறும் ஒரு சிறு காரியத்தை யாரும் பெரிதாகக் கருதுவதில்லை. ஆண்டு முழுவதும் கூடத்து மூலையில் நின்று உழைத்த தையல் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அதன் கறுத்த மேனியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூச்சரம் சாத்தி, கத்தரிக்கோலையும் ஊசிப் பெட்டியையும் அருகே வைத்துத் தீபம் காட்டுகிறார்கள். அன்று அதற்கு ஓய்வும் கொடுக்கிறார்கள். பின்னர் தீபாவளி வருகிறது. துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலோ வாங்கிய புதுத்துணி, ஓரத்தில் மஞ்சள் தடவப்பெற்று, சுவாமி படத்தின் முன் வைக்கப்பெற்று, பெரியவர்களின் கையால் பிள்ளைகளுக்கு வழங்கப்படுகிறது. ஆனால், பூஜை பெற்ற அந்த மிஷின் ஆண்டெல்லாம் செய்த வேலையின் பலனாகிய கிழிசல் அடைத்த பாவாடையும், காலர் திருப்பித் தைத்த சட்டையும், ஒட்டுப் போட்ட கைலியும் அந்தச் சந்நிதியில் ஓர் அங்குல இடமும் பெறுவதில்லை. விருந்தினர் கண்ணில் படாதபடி அவை அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகின்றன. கருவி வணங்கத்தக்கது, அந்தக் கருவி செய்த காரியமோ மறைக்கத்தக்கது என்னும் இந்த விசித்திரமான நிலைக்குத் தத்துவ ரீதியான ஆதாரம் ஏதும் உண்டா, அல்லது அது வெறும் பழக்கந்தானா என்பதே நான் இங்கு விசாரிக்க விரும்புவது.

முதலில் ஆசாரத்தின் பக்கத்தைக் கேட்பது நியாயம். வேள்வியிலும் பூஜையிலும் ஈடுபடுவோர் தைக்கப்படாத வஸ்திரத்தையே உடுத்த வேண்டும் என்பதும், நெருப்புப் பட்டதும் எலி கடித்ததும் நைந்து கிழிந்ததும் கர்மாவுக்கு உதவா என்பதும் நெடுங்காலச் சம்பிரதாயம். தறியிலிருந்து இறங்கியபடியே இருக்கும் வேட்டியும் புடவையும் முழுமையின் அடையாளம், ஊசி நுழைந்த இடத்தில் அந்த முழுமை பின்னப்பட்டுவிடுகிறது என்பது இதன் உட்கருத்தாக இருக்கலாம். ஸ்காட் சாலையில் ஸ்ரீ கந்தசுவாமி கோயிலை எழுப்பிய யாழ்ப்பாணத் தமிழர்கள், பகற்பொழுதெல்லாம் கோட்டும் காற்சட்டையும் அணிந்து ஆங்கிலேயரின் அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் கணக்கெழுதியவர்களாயினும், ஆலயத்தின் உள்ளே தைத்த சட்டையைக் களைந்து வேட்டியோடு நிற்கும் மரபைத் தம் ஊரிலிருந்து கொண்டுவந்தவர்கள். இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் வியாபாரி, ஆண்டெல்லாம் தைத்த உடைகளையே விற்றவராயினும், ஹஜ் யாத்திரையில் இஹ்ராம் பூணும்போது தையலற்ற இரண்டு வெள்ளைத் துணிகளைத்தான் உடுத்துகிறார். நாயன்மார் அறுபத்துமூவரைக் கவனித்தாலும் இதன் தடயம் தெரிகிறது. துணி நெய்து அடியார்க்கு அளித்த நேசர் உண்டு, துணி வணிகம் செய்த அமர்நீதியார் உண்டு, துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர் உண்டு. தையற்காரர் ஒருவரும் இல்லை. பக்தர் வரிசையில் ஒரு தையற்காரரைக் காண வேண்டுமானால் மராட்டியத்து நாமதேவரிடம் போக வேண்டும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ஆசார நூல்களை ஊன்றிப் படிப்பவருக்கு ஒரு சந்தேகம் எழாமற் போகாது. மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம், கல்வியை முடித்து இல்லறம் புகுந்தவன் நைந்ததும் அழுக்கேறியதுமான ஆடையை உடுத்தலாகாது என்று விதிக்கிறது; விதித்த அதே மூச்சில், பொருள் வசதி உள்ளபோது என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுகிறது. மனுவோடு நான் பிணங்கும் இடங்கள் மிகப் பல. எனினும் இந்த நிபந்தனையின் நுட்பத்தை மறுப்பதற்கில்லை. நைந்த துணி தன்னளவில் தீட்டுடையதாயின், செல்வனுக்கும் வறியவனுக்கும் அது ஒன்றாகவே விலக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு விலக்கப்படவில்லையாதலால், குற்றம் துணியினுடையது அன்று, இயலக்கூடியதையும் செய்யாமல் விட்ட உடுத்துபவனின் அசிரத்தையே குற்றம் என்றாகிறது. அசிரத்தைதான் குற்றம் என்றால், கிழிந்த இடத்தைத் தேடிப்பிடித்து, நிறம் ஒத்த நூலைத் தெரிந்து, வெளிச்சமுள்ள ஜன்னலண்டை அமர்ந்து இழை இழையாக அடைப்பவரின் செயலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இனி, ஆசாரத்தை விட்டுத் தத்துவத்துக்கு வருவோம். 1904ஆம் ஆண்டுக் கட்டடமாகிய பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் வழியாகவும், இழவு வீடுகளின் வழியாகவும் இவ்வூர்த் தமிழருக்கு நன்கு அறிமுகமானது கீதையின் இரண்டாம் அத்தியாயத்து உவமை: மனிதன் நைந்த ஆடைகளைக் களைந்து புதியவற்றை ஏற்பது போல ஆன்மா பழைய உடல்களை நீத்துப் புதியவற்றை அடைகிறது என்பது. இதைக் கேட்டுக் கேட்டு, துணி என்றாலே எறிவதற்கு உரியது, அதன்மேல் சிரத்தை வைப்பது பற்றின் அறிகுறி என்னும் ஒரு மயக்கம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. உவமையின் உயிர்நிலை நைந்த என்னும் அடைமொழியில் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. ஆன்மா தன் உடலை மூன்று முறை உடுத்திச் சலித்து எறிந்துவிடுவதில்லை. பிராரப்தம் தீருமட்டும் அதனோடு இருக்கிறது. அந்த உடலுக்கு நோய் வந்தால் மருந்து கொடுக்கிறோம். காயம் பட்டால் வைத்தியர் அதே ஊசியும் நூலும் கொண்டு தையல் போடுகிறார். ஆடையைப் போன்றது என்று கண்ணன் சொன்ன உடலுக்கே தையல் போடுவது பற்று அன்று, கடமை என்று ஒப்புக்கொள்பவர்கள், உண்மையான ஆடைக்குத் தையல் போடுவதைக் கருமித்தனம் என்று நகைப்பது எவ்வகைத் தர்க்கமோ! கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடிகளில் பழைய துணிகளைப் போடுவதற்கென்றே இன்று பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். நிறம் மங்காத சட்டையை, ஒரு பித்தான் போனதற்காகவோ இடுப்பு இறுகியதற்காகவோ அதில் போட்டுவிட்டு, தானம் செய்த நிறைவோடு அடுத்த கடைக்குள் நுழைகிறவருக்கு, மேற்படி உவமையைக் கேட்டு ஆறுதல் அடையும் யோக்கியதை குறைவு என்பது என் அபிப்பிராயம்.

பட்டினத்தாரை இங்கே எதிர்வாதமாகக் கொண்டுவருவோர் உண்டு. வளர்ப்பு மகன் விட்டுச் சென்ற பெட்டியில் நூல் கோக்கும் துளை முறிந்த ஓர் ஊசியைக் கண்டு, அதுவும் கடைசி வழிக்குத் துணையாகாது என்றுணர்ந்து, காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் அனைத்தையும் துறந்தார் என்பது நாமறிந்த கதை. ஊசி உடன் வராது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால், உடன் வராது என்பதனால் உடைமை என்னும் எண்ணம் வீழ்கிறதேயன்றி, உபயோகம் என்பது வீழ்வதில்லை. துளை முறியாத ஊசி ஒன்று அந்த வீட்டில் வேறெங்கோ, யாருடைய கையிலோ, அன்றும் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

பழுது பார்த்தலைத் துறவறத்தின் அளவுகோலால் அளக்கப் புகுந்ததே நம் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்று தோன்றுகிறது. அது துறவின் பகுதி அன்று, தொண்டின் பகுதி. சேக்கிழார் கூறும் திருக்குறிப்புத்தொண்டர் சரிதத்தை இந்தக் கண்ணோடு படிக்கலாம். காஞ்சியில் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்துவந்த அவரிடம், மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாக ஒரு முதியவர் வருகிறார். குளிர்காலம், அந்தக் கந்தையையன்றி அவருக்கு வேறு போர்வை இல்லை, பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தர வேண்டும் என்பது நிபந்தனை. தொண்டர் ஏற்கிறார், மழை பிடித்துக்கொள்கிறது, மாலையாகியும் விடவில்லை. ஓர் ஏழையின் ஒற்றைத் துணியை உலர்த்தித் தர இயலாமற் போயிற்றே, அந்த மெலிந்த உடல் இரவெல்லாம் நடுங்குமே என்ற துயரம் தாங்காமல், துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதிக்கொள்ளப் போகிறார். கல்லிலிருந்து ஒரு கை தோன்றித் தடுக்கிறது. கந்தையோடு வந்தவன் இறைவன். நான் இதில் வியப்பது அந்தக் கையை அன்று. பட்டுப் பீதாம்பரமோ புலித்தோலோ உடுத்தி வரக்கூடியவன், தொண்டனைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்தது கந்தை என்பதையும், அந்தக் கந்தையைப் பார்த்துப் புதிது ஒன்று வாங்கிக்கொள்ளும் என்று தொண்டர் சொல்லவில்லை என்பதையுமே வியக்கிறேன். சந்நிதிக்குள் நுழையத் தகுதியற்றது என்று நாம் நினைக்கும் துணியைச் சந்நிதிக்கு உரியவனே உடுத்தி வந்து, அதைப் பேணுவதையே வழிபாடாக ஏற்றுக்கொண்டான் என்றால், அலமாரியின் அடித்தட்டு விஷயத்தில் நாம் சற்று யோசிக்க வேண்டியதுதான்.

கந்தசுவாமி கோயிலிலிருந்து சிறிது தொலைவில், பெர்ஹாலா சாலையில், சிங்களப் பௌத்தர்கள் 1894ஆம் ஆண்டில் தொடங்கிய மகா விகாரை இருக்கிறது. மழைக்கால வாசம் முடிந்ததும் துறவியருக்குச் சீவரமாகிய ஆடை வழங்கும் கடின விழா ஆண்டுதோறும் பௌத்த விகாரைகளில் நடைபெறும். அந்தத் துணியை வெட்டி, தைத்து, சாயம் ஏற்றி ஒரே நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. நம் ஆசாரம் எதை விலக்கியதோ அதையே பௌத்த சங்கம் விதியாக்கியது ஒரு விந்தை. முழுத்துணிக்குச் சந்தையில் விலையுண்டு. வரப்பிட்ட மகதநாட்டு வயல்களைப் போலத் துண்டுதுண்டாக வெட்டி இணைத்த துணிக்கு விலை போய்விடும். ஆகவே அதுவே துறவிக்கு ஏற்றது என்றாயிற்று. கோசாம்பி மன்னன் உதயணனுக்கும் புத்தரின் சீடர் ஆனந்தருக்கும் நடந்த உரையாடல் ஒன்று விநய பிடகத்தில் வருகிறது. அந்தப்புரத்து மகளிர் ஐந்நூறு ஆடைகளை ஆனந்தருக்கு அளித்துவிட, இத்தனையையும் இவர் என்ன செய்வார், கடை வைப்பாரோ என்று மன்னன் கேட்கிறான். நைந்த சீவரம் உடைய துறவியருக்குக் கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். அவர்களுடைய பழையவை? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்புகள்? மெத்தை உறையாகும். அவையும் பழசானால் தரை விரிப்பு, பின் கால்மிதி, பின் தூசித் துணி. அதுவும் இற்றுப்போனால் கிழித்து மண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம் என்று முடிக்கிறார். மன்னன் மகிழ்ந்து இன்னும் ஐந்நூறு கொடுத்தான். கொடுத்தவருக்கும் நெய்தவருக்கும் செய்யும் மரியாதை எந்த இடத்தில் முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் வேறு நூலில் கண்டதில்லை.

மிஷின்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகளும் 1924இல் டில்லியில் ஜி. ராமச்சந்திரனுடன் உரையாடியபோது சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்களித்தார். பிற்காலத்தில், 1947இல், திண்டுக்கல் அருகே மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு காந்திகிராமத்தை நிறுவியவர் இந்த ராமச்சந்திரன்தான். கையால் தைத்துச் சலித்த மனைவியின் மேலுள்ள அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியடிகள் காட்டிய காரணம். அது சரித்திர உண்மையா என்பது வேறு விஷயம். லாபத்தையன்றி அன்பைத் தோற்றுவாயாகக் கொண்ட பொருள் தர்மத்துக்கு உடன்பட்டது என்ற அவர் கருத்தே இங்கு முக்கியம். மலாயாவில் அந்த மிஷின் தவணை முறையில் விற்கப்பட்டதனால்தான் சாதாரணக் குடும்பங்களின் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

இப்படியெல்லாம் பழுது பார்த்தலைப் புகழ்ந்து எழுதும்போது, அந்தப் புகழ்ச்சியைப் பொறுமையோடு கேட்க மாட்டாத ஒரு தலைமுறை நம்மிடையே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1942 ஜனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்தபின் துணிவரத்து நின்று, தோட்டத்து மக்கள் கோணிச் சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினார்கள். ஜப்பானியர் அமைத்த சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரில் சாக்கே கடைசி உடையாக அமைந்தவர்கள் பலர். 1921இல் மதுரையில் காந்தியடிகள் முழு உடையைத் துறந்து அரைத்துணி பூண்டது விரதம். இவர்கள் சாக்கு உடுத்தியது விரதம் அன்று. யுத்தம் ஓய்ந்தபின் இவர்களுடைய வீடுகளில் தீபாவளிப் புதுத்துணி அத்தனை பக்தியோடு மஞ்சள் தடவப்பெற்றது என்றால், அதை ஆடம்பரம் என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒட்டுப் போட்ட சட்டை வசதியுள்ளவனிடம் எளிமை என்றும், இல்லாதவனிடம் வறுமை என்றும் பெயர் பெறுவதை எந்தத் தத்துவமும் இன்னும் மாற்றிவிடவில்லை. அந்தச் சாக்கைத் தைத்த கைகள் தமக்காக மட்டும் தைக்கவில்லை, பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் முதியோருக்கும் தைத்தன என்பதனால், அதுவும் தொண்டாகவே இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

தொண்டு என்று சொல்லும்போதே ஒரு நெருடல் எழுகிறது. அந்தக் கைகள் ஏறத்தாழ எல்லாமே பெண்களின் கைகள். சமய நூல்களோ ஊசியை ஆண்களின் கையிலும் கொடுத்திருக்கின்றன. நபிகள் நாயகம் வீட்டில் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார், செருப்பையும் தாமே செப்பனிடுவார் என்று அன்னை ஆயிஷா அறிவித்ததாக ஹதீஸ் உண்டு. சீன மொழியில் பாதுகாக்கப்பட்ட ஒரு பௌத்த ஆகமத்தில், பார்வை இழந்த துறவி அனுருத்தர் தம் சீவரத்தைத் தைக்க அமர்ந்து, ஊசியில் நூல் கோக்க இயலாமல், புண்ணியம் வேண்டுவோர் யாரேனும் கோத்துத் தரலாகாதா என்று எண்ணுகிறார். ஊசியைக் கொடு என்று கேட்டு வந்து நிற்பவர் புத்தர். தாங்களா என்று அனுருத்தர் திகைக்க, புண்ணியத்தில் என்னைவிட நாட்டமுடையவர் யார் என்கிறார் அவர். 1951 முதல் பணியாற்றிவரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்திருப்பதும், பார்வையற்றோர் பலர் தம் உழைப்பால் வாழ்ந்துவருவதும் இதே பிரிக்பீல்ட்ஸ் ஆதலால், இக்கதை இவ்வூரில் வேறெங்கும் இல்லாத அருகாமையோடு ஒலிக்கிறது. இதைக் கேட்டுக் கண்ணில் நீர் மல்கத் தலையசைத்துவிட்டு வீடு திரும்பும் நம் ஆடவர்கள், சட்டையில் ஒரு பித்தான் அறுந்த மாத்திரத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிடுவது எந்தச் சாஸ்திரத்தின்படி என்பதை மட்டும் எனக்கு இதுவரை ஒருவரும் விளக்கவில்லை.