பிள்ளைகளுக்கு எதை மறைப்பது?

பிள்ளைகளுக்கு எந்த வயதில் எதைச் சொல்வது என்னும் கேள்வி பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் புதியதன்று. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில், குழந்தைக்குப் பாலும் வளர்ந்தவர்க்குத் திட உணவும் என்ற இயற்கை நியதியையே உவமையாக்குகிறார். ஆயினும் காலமெல்லாம் பாலை மட்டுமே பருகி வளர்ந்தவர் எவருமில்லை. திட உணவை எப்போது, யார், எவ்வாறு ஊட்டுவது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. அச்சிக்கல் வெளிப்படையாக எழுந்த ஓரிடத்தை நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மக்மின் என்றொரு மாவட்டம் உண்டு. அதன் பள்ளிக் கல்விக் குழுவின் 10 உறுப்பினரும் 2022 ஜனவரி 10 அன்று ஒருமனதாக வாக்களித்து, 8ஆம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து 'மவுஸ்' என்ற நூலை நீக்கினர். ஆர்ட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்த சித்திர நூல் அது. போலந்து யூதரான தம் பெற்றோர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைபட்டு உயிர்மீண்ட வரலாற்றை, யூதரை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் உருவகித்து அவர் சொல்கிறார். 1992இல் அதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. வசைச் சொற்கள், ஆடையற்ற பெண்ணின் சிறு படம், வன்முறை, தற்கொலை ஆகியவையே நீக்கத்திற்குக் குழு கூறிய காரணங்கள்.

அக்குழுவினரைக் கொடியோர் என்று நாம் எளிதில் தீர்ப்பிடலாகாது. யூத இனப்படுகொலையைக் கற்பிக்கவே கூடாதென்று அவர்கள் கூறவில்லை. தகுந்த வேறு நூலைத் தேடுமாறு கேட்டுக்கொண்டனர். 13 வயதுப் பிள்ளையின் உள்ளம் மென்மையானது. அதைக் காப்பது பெற்றோரின் உரிமை; கடமையும் கூட. ஒரு நூலைப் பாடமாக வையாதிருப்பதும் அதைத் தீயிலிடுவதும் ஒன்றாகா. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: நாம் காப்பது பிள்ளையையா, பிள்ளையின் கேள்விகளிலிருந்து நம்மையா?

அந்தச் சிறு படத்தில் இருப்பவர் நூலாசிரியரின் தாய். ஆஷ்விட்ஸில் பிழைத்து, அமெரிக்காவில் குடியேறி வாழ்ந்த அவர், 1968இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குளியல் தொட்டியில் அவர் இறந்து கிடக்கும் காட்சி அது. இச்சையைத் தூண்டுவது எதுவும் அதில் இல்லை. முகாமின் வாயில் 1945இல் திறந்ததும் துயரம் முடிந்துவிடவில்லை, அது வீடுவரை உடன் வந்தது என்பதையே நூல் காட்டுகிறது. அப்பக்கத்தை அகற்றிவிட்டால், தீயோர் வந்தனர், நல்லோர் வென்றனர், யாவும் இனிதே முடிந்தன என்னும் கதைதான் பிள்ளைக்கு மிஞ்சும். வரலாற்றை அறிந்துவிட்டதாக அவன் எண்ணுவான், அறிந்திருக்கவே மாட்டான்.

அதே டென்னசியில், ஏறக்குறைய அதே வயதுப் பிள்ளைகளுக்கு, வேறொரு வழியும் முன்னரே திறந்திருந்தது. விட்வெல் என்பது ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர். அங்குள்ள நடுநிலைப் பள்ளியில் 1998இல், யூத இனப்படுகொலை பற்றி விரும்புவோர் கற்கும் வகுப்பொன்று தொடங்கப்பட்டது. 60 இலட்சம் மனிதர் என்றால் எவ்வளவு என்பது மாணவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது நார்வே மக்கள் நாஜிகளுக்கு எதிர்ப்புக் காட்டச் சட்டையில் பேப்பர் கிளிப் அணிந்தனர் என்று அறிந்து, உயிருக்கு ஒன்றாக அவற்றைச் சேர்க்கலாயினர். உலகெங்குமிருந்து கிளிப்புகளும் கடிதங்களும் வந்து குவிந்தன. உயிர்தப்பிய முதியோர் சிலர் அவ்வூருக்கே வந்து பேசினர். 2001இல் ஜெர்மனியிலிருந்து வந்த பழைய சரக்கு ரயில் பெட்டியொன்று பள்ளியின் நினைவகமாயிற்று. மாண்ட யூதருக்காகவும் பிறருக்காகவும் 1 கோடியே 10 இலட்சம் கிளிப்புகள் அதனுள் வைக்கப்பட்டன. காண வந்தோருக்கு விளக்கிச் சொன்னவர்கள் மாணவர்களே.

அப்பிள்ளைகளின் உள்ளத்தை அவ்வரலாறு நசுக்கிவிடவில்லை. அருகில் ஆசிரியர் இருந்தார். கேட்ட துயரைத் தாங்கிக்கொள்ளக் கைகளுக்கு ஒரு பணியும் இருந்தது. துணையின்றித் தனியே சுமக்க நேரும்போதுதான் உண்மை பிள்ளைக்குப் பாரமாகிறது.

இங்கு நம் விவிலியம் காட்டும் வழியும் நோக்கத்தக்கது. தாவீது பத்சேபாவை அபகரித்ததும், அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டதும் சாமுவேல் இரண்டாம் நூலில் மறைவின்றிச் சொல்லப்படுகின்றன. பிற்காலத்தில் எழுந்த குறிப்பேட்டு நூல் அதே போரைக் கூறுகிறது. அப்பாவத்தை மட்டும் விட்டுவிடுகிறது. மாண்புமிகு அரசரின் பெயரைக் காக்கும் விருப்பம் அன்றும் இருந்தது போலும். ஆனால் திருநூல் தொகுதியில் இரண்டும் இடம்பெற்றன. சொல்லியதை நீக்கிச் சொல்லாததை மட்டும் எவரும் வைத்துக்கொள்ளவில்லை. மத்தேயுவோ ஆண்டவரின் தலைமுறை அட்டவணையிலேயே சாலமோனின் தாயைப் பெயரிட்டுச் சொல்லாமல், உரியாவின் மனைவி என்றே குறிக்கிறார். பேதுரு மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் கூறுகின்றன. மீட்பின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் இவற்றைத் தாண்டிச் செல்ல வழியில்லை.

இந்தப் பாடத்தைத் திருச்சபையும் மெதுவாகவே கற்றது. திருத்தந்தை நான்காம் பவுல் 1559இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டார். 1966இல் ஆறாம் பவுலின் காலத்தில்தான் அது சட்ட வலிமை இழந்தது. 1633இல் தடை செய்யப்பட்ட கலிலேயோவின் 'உரையாடல்' 1835ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் இடம்பெறாமல் போயிற்று. இரு நூற்றாண்டுகள் நூல் தடையில் இருந்தது; பூமியோ சுற்றிக்கொண்டே இருந்தது. ஆன்மாக்களைக் காக்கும் நல்லெண்ணம் ஒன்றே தடைக்குப் போதிய நியாயமாகிவிடாது என்பதற்கு நம் வரலாறே சான்று.

2000 மார்ச் 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காகப் புனித பேதுரு பேராலயத்தில் மன்னிப்பு வேண்டினார். யூத மக்களுக்கு இழைக்கப்பட்டவையும் அவற்றுள் அடங்கும். அம்மாதம் 26ஆம் நாள் எருசலேமின் மேற்குச் சுவரில் அவ்வேண்டுதலை எழுதி வைத்தார். அது தேவையாய் இருந்தது. ஆஷ்விட்ஸை நடத்திய நாட்டில் மிகப் பெரும்பாலோர் திருமுழுக்குப் பெற்றவர்கள் அல்லவா?

நல்ல ஒப்புரவுக்கு முதற்படி ஆன்ம சோதனை என்று நாம் சிறுவர்க்குக் கற்பிக்கிறோம். நினைவில் இல்லாததை எவரும் சோதித்தறிய இயலாது. தனிமனிதனுக்குப் பொருந்தும் இது சமுதாயத்திற்கும் பொருந்தும். முன்னோர் அனைவரும் நல்லோரென்று மட்டுமே கற்ற பிள்ளை, தீமை தன் வீட்டு வாயிலில் நிற்கும்போது அதை அடையாளம் காண மாட்டான்.

ஆகவே எந்த நூலை எந்த வகுப்பில் வைப்பது என்று ஆசிரியரும் பெற்றோரும் கலந்து ஆராயட்டும். 8 வயதுக்கு ஏலாதது 13 வயதுக்கு ஏற்கும். ஒரு பக்கம் கடினமானதென்று தோன்றினால், ஒருவர் அதை முதலில் படித்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து உடன் படிக்கட்டும். அவன் எழுப்பும் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லாமலும் போகலாம். அப்போதும் எழுந்து போய்விடாமல் அவனோடு இருப்போம்.