காலுக்கு மருந்து, மனசுக்கு மட்டும் அட்வைஸா?

ஓம் சரவணபவ!



நம்ம குரூப்ல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எங்க ஆபீஸ்ல மனநலத் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்ட எல்லாரும் சேர்ந்து அஞ்சு கிலோமீட்டர் நடக்கப் போறாங்களாம். பழனிக்கு நடந்தா புண்ணியம். இதுல நடந்தா என்ன கிடைக்கும்? அதோட, முருகனை முழுசா நம்புறவனுக்கு மனசுல நோய் எப்படி வரும்?"

ரெண்டாவது கேள்வியைத்தான் முதல்ல எடுத்துக்கணும். அதை நம்மள்ல பல பேர் மனசுக்குள்ள வெச்சிருக்கோம். தம்பி வாய்விட்டுக் கேட்டுட்டார்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனவங்களுக்குத் தெரியும். காரைக்குடி பக்கமிருந்தோ மதுரையிலிருந்தோ கிளம்பினா ரெண்டாவது நாள் கால்ல கொப்புளம் வந்துடும். வழி நெடுக பந்தல் போட்டு ஜனங்க உட்கார்ந்திருப்பாங்க. மோர் குடுப்பாங்க, சாப்பாடு போடுவாங்க. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் நம்ம காலை எடுத்து மடியில வெச்சு, தைலம் தேய்ச்சு, கொப்புளத்துக்கு மருந்து வெச்சுக் கட்டி, "பார்த்துப் போங்க சாமி"ன்னு அனுப்பி வைப்பார். அந்த இடத்துல யாராவது, "உனக்கு பக்தி போதலை, அதான் கொப்புளம் வந்திருக்கு"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொல்ல மாட்டாங்க. நடந்த கால்ல கொப்புளம் வரும், கட்டு போட்டா ஆறும். இது எல்லாருக்கும் தெரியும்.

அதே நம்ம வீட்டுப் பையன் ராத்திரி தூக்கமில்லாம, சாப்பாடு பிடிக்காம, ஒரு மாசமா யார்கூடவும் பேசாம இருந்தா என்ன சொல்றோம்? "சஷ்டி விரதம் இரு, சரியாயிடும்." "கோயிலுக்குப் போ, கண்டதை யோசிக்காதே." காலுக்கு மருந்து குடுக்கிற நாம, மனசுக்கு மட்டும் அட்வைஸ் குடுக்கிறோம். விரதமும் கோயிலும் தப்பே இல்ல. மருந்து இருக்க வேண்டிய இடத்துல அவற்றைக் கொண்டுபோய் வைக்கிறதுதான் தப்பு.

பழனி மலையையே பாருங்க. அங்க நிக்கிற தண்டாயுதபாணியை நவபாஷாணத்தால செஞ்சவர் போகர்னு நம்புறோம். போகர் சித்தர், மருத்துவம் தெரிஞ்சவர். அவரோட சமாதியும் அந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கு. ஒரு வைத்தியர் கையால மருந்துச் சரக்குல உருவான மூர்த்தி முன்னாடி நின்னுகிட்டு, "முருகன் இருக்கும்போது மாத்திரை எதுக்கு?"ன்னு எப்படிக் கேட்க முடியும்? வைத்தீஸ்வரன்கோயில்ல அவன் அப்பாவுக்குப் பேரே வைத்தியநாதன். அந்த வீட்டுப் பிள்ளைதான் அங்க செல்வமுத்துக்குமாரசுவாமியா நிக்கிறான்.

அருணகிரிநாதர் வரலாறு நமக்கெல்லாம் தெரியும். திருவண்ணாமலையில வாழ்க்கை வெறுத்து, உயிரே வேண்டாம்னு கோபுரம் ஏறினவர். முருகன் அவரைக் கையில தாங்கினான்னு மரபு சொல்லுது. அதை நினைவுபடுத்துற கோபுரத்திளையனார் சன்னதி இன்னிக்கும் அந்தக் கோயில்ல இருக்கு. இதுல வரிசையைக் கவனிங்க. "ஏன்டா இப்படி வாழ்ந்தே? ஏன் நம்பிக்கை இழந்தே?"ன்னு முருகன் முதல்ல கணக்குக் கேட்கலை. முதல்ல தாங்கினான். உபதேசம் அதுக்கு அப்புறம்தான். நாம தலைகீழா செய்யறோம். உபதேசத்தை முதல்ல குடுத்துட்டு, தாங்குறதை முருகன்கிட்டயே விட்டுடறோம். அருணகிரியார் மாதிரி ஒரு மகானுக்கே அந்த இருட்டு வந்ததுன்னா, முருக பக்தனுக்கு மனநோய் வருமாங்கிற கேள்விக்கு வேற பதில் வேண்டியதில்ல. வரும். அது வந்தவனையும் முருகன் கைவிடறதில்ல.

சரி, இப்ப முதல் கேள்வி. அஞ்சு கிலோமீட்டர் நடந்தா என்ன கிடைக்கும்?

எங்க டீம்லயும் இதே மாதிரி ஒரு நடை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில, பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்ல ஆரம்பம். ஒவ்வொருத்தரும் தெரிஞ்சவங்ககிட்ட கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு வாக்கு வாங்கிட்டு வந்திருந்தோம். டி-ஷர்ட், செல்ஃபி எல்லாம் உண்டு. "இதுக்கு ஜிபே பண்ணிட்டு வீட்ல தூங்கியிருக்கலாமே"ன்னு ஒருத்தர் சிரிச்சார்.

ஆனா நடைக்கு ஒரு குணம் இருக்கு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நடக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டியதில்ல. மீட்டிங் ரூம்ல எதிரெதிர உட்கார்ந்து சொல்ல முடியாதது நடக்கும்போது தானா வெளிய வரும். மூணாவது கிலோமீட்டர்ல எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் பேச ஆரம்பிச்சார். பேர் போடாம எழுதிக்கோன்னு சொன்னதால எழுதறேன். ரெண்டு வருஷமா மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறாராம். போன தடவை மாலை போட்டப்ப, "முருகனுக்கு விரதம் இருக்கேன், இனி மாத்திரை தொட மாட்டேன்"னு டாக்டரைக் கேட்காம அவரே நிறுத்திட்டார். பழனி போயிட்டு வந்து மூணு வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கலை. அவங்க அம்மாதான் மறுபடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க. அந்த அம்மா சொன்னதை அவர் அப்படியே சொன்னார்: "டேய், டாக்டரையும் முருகன்தான்டா அனுப்பியிருக்கான்." இந்த வருஷமும் அவர் நடந்தார். ஒரே பையில விபூதிப் பொட்டலம், மாத்திரை டப்பா ரெண்டும் இருந்தது.

அதே ஏரியாவுலதான் அறுபடை வீடு கோயில் இருக்கு. நடை முடிஞ்சதும் நாங்க நாலஞ்சு பேர் அங்க போய் ஆறு சன்னதியும் கும்பிட்டோம். அண்ணனோட ஒன்பது வருஷமா வேலை பார்க்கிறவருக்கே இந்த விஷயம் அன்னிக்குத்தான் தெரியும். ப்ரொடக்ஷன்ல சர்வர் விழுந்தா நடுராத்திரி பத்து பேர் கால்ல வந்துடறோம். பக்கத்து சீட்ல ஒரு மனுஷன் விழுந்தா எந்த அலர்ட்டும் வர்றதில்ல.

பணம் எங்க போகுதுன்னும் சொல்லணும். சென்னையில ஸ்கார்ஃப்னு ஒரு அமைப்பு இருக்கு. 1984-ல அதைத் தொடங்கினவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர். மனச்சிதைவு நோய் உள்ளவங்களுக்கு மருத்துவம், தங்கும் இடம், தொழிற்பயிற்சி, குடும்பத்துக்கு ஆலோசனைன்னு செய்யறாங்க. நம்ம விராலிமலை முருகன் இருக்கிற புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு பஸ்ஸையே கிளினிக் ஆக்கி கிராமங்களுக்கு அனுப்பினாங்க. சென்னையில இருக்கிற டாக்டர் திரையில பேசுவார், மருந்து பஸ்லயே கிடைக்கும். டவுனுக்கு பஸ் ஏறவே காசு பார்க்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. இந்த மாதிரி வேலைக்கு நாம குடுக்கிற பணமும் வழியில பந்தல் போட்டு மோர் குடுக்கிற மாதிரிதான்.

இதெல்லாம் இல்லாம போனா என்ன ஆகும்ங்கிறதையும் தமிழ்நாடு பார்த்திருக்கு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. குணமாகும்னு நம்பிக் கொண்டுவந்து விட்டவங்களைச் சங்கிலியில கட்டி வெச்சிருந்த ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் போயிட்டாங்க. எந்த மதம்ங்கிறது இங்க பேச்சே இல்ல. அவங்களைக் கூட்டிட்டு வந்த குடும்பங்களுக்கும் நம்பிக்கை இருந்தது. பக்கத்துல மருத்துவம் இல்ல. பின்னாடி அதே ஏர்வாடியில பிரார்த்தனையோட மருந்தும் கிடைக்க அரசே ஏற்பாடு செஞ்சது.

நாம எதை எழுத ஆரம்பிச்சாலும் மேல "முருகன் துணை"ன்னு போடறோம். துணைன்னா கூட வர்றது. அவன் நம்மகூட வர்றான்னா, நாமளும் யாரோ ஒருத்தர்கூடப் போகணும். காவடி தூக்குறவருக்குத் தோள் வலிச்சா, கூட வர்றவர் கொஞ்ச தூரம் வாங்கிச் சுமக்கிறது அதுக்குத்தான்.

அதனால தம்பி, நீங்க அந்த நடைக்குப் போங்க. மனசுக்குள்ள வேல் வேல்னு சொல்லிக்கிட்டே நடங்க. ரொம்ப நாளா அமைதியா இருக்கிற ஒருத்தர் பக்கத்துல போய் நடங்க. அவர் பேசினா கேளுங்க, நடுவுல அட்வைஸ் வேண்டாம். "டாக்டர்கிட்ட போகணும்னா நானும் வர்றேன்"ங்கிற ஒரு வரி போதும். விரதம் இருக்கிறவங்க யாரும் டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தாதீங்க. விரதத்துக்குத் தகுந்த மாதிரி நேரத்தை மாத்த முடியுமான்னு அவரையே கேளுங்க.

இதைப் படிக்கிற உங்களுக்கே இப்ப மனசு தாங்கலைன்னா, எதுக்கு வாழணும்னு தோணுதுன்னா, தனியா இருக்காதீங்க. நம்பற ஒருத்தருக்கு இப்பவே போன் பண்ணுங்க. இல்லைன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. அது அரசோட டெலி மானஸ் எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். அந்தப் பக்கம் போன் எடுக்கிற குரலும் அருணகிரியாரைத் தாங்கின கையோட ஒரு விரல்னு நினைச்சுக்கோங்க.

இந்தப் பதிவை ஃபார்வர்ட் பண்றவங்க, அனுப்பிட்டு ஒருத்தருக்காவது போன் போட்டு "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!