இணைப்பில் நிற்கும் அறம்

வீடு கட்டுதல் நெடுங்காலம் ஓரிடத்திலேயே நிகழ்ந்த தொழில். கொத்தனார் கல்லின்மேல் கல் வைத்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவரின் நேர்மையைப் பார்த்தார். வீட்டுக்குரியவர் அருகில் நின்று கண்டார். சுவர் கோணினால் யாரைக் கேட்பது என்னும் ஐயம் எழவில்லை. இன்றோ வீடு ஓரிடத்தில் வார்க்கப்பட்டு, மற்றோரிடத்தில் நிறுத்தப்படுகிறது. வேலை பல கைகளுக்குப் பிரிந்துவிட்டது. பொறுப்பும் அவ்வாறே பிரிந்துவிடலாமா? இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோன்றியது. மறு ஆண்டு மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. வானமே கூரையாக நின்றவர்க்கு விரைந்து வீடு தருவதே அன்று அறமாயிற்று. 1980களில், சுவரையும் தளத்தையும் தொழிற்சாலை அச்சில் வார்த்துக் கொணர்ந்து பொருத்தும் முன்வார்ப்பு முறை இங்குப் பரவியது. 2019இல் கிளமெண்டியில் நிறைவுற்ற இரண்டு 40 மாடிக் கட்டடங்களோ 1,899 கான்கிரீட் அறைக்கூறுகளை அடுக்கி எழுப்பப்பட்டவை. அக்கூறுகள் ஜோகூரின் செனாயில் வார்க்கப்பட்டு எல்லை கடந்து வந்தன.

இம்முறையை இகழ்தல் நேரிதன்று. கூரையின்கீழ் நடக்கும் வேலையை மழை தடுப்பதில்லை; தூசியும் இரைச்சலும் குறைகின்றன. உயரத்தில், சாரத்தின்மேல் நின்று செய்த வேலைகள் பல தரைக்கு இறங்கிவிட்டன. தமிழகத்திலிருந்து வந்து இந்நகரை எழுப்பும் இளைஞரின் உயிரை மதிப்போர் இதனை வரவேற்கவே செய்வர்.

ஆயினும் இலண்டன் நமக்கொரு பாடம் வைத்திருக்கிறது. 1968 மே 16 அதிகாலையில், ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை விலகியது. அதனைச் சார்ந்திருந்த மூலை முழுவதும் சரிந்தது. நால்வர் மாண்டனர். பலகைகளை வலுவாகப் பிணைக்காத வடிவமைப்பே முதற்குறை. 1986இல் அக்கட்டடத்தைப் பிரித்தபோது மற்றொன்றும் வெளிப்பட்டது. சாந்து நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சிலவற்றில் செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது!

தொழிற்சாலையில் வார்த்த பலகையைப் பலர் சோதிக்கின்றனர். இரு பலகைகளுக்கு இடைப்பட்ட இணைப்போ களத்தில் நிரப்பப்பட்டு மூடப்படுகிறது. பின்னர் எவர் கண்ணுக்கும் அது தெரிவதில்லை. கேடு நேர்ந்தால், “என் பலகை பழுதற்றது” என்பார் வார்த்தவர். “உரிய இடத்தில்தான் இறக்கினேன்” என்பார் பாரந்தூக்கி ஓட்டியவர். “கெடு நெருங்கிவிட்டது” என்பார் மேற்பார்வையாளர். தனித்தனியே எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆயினும் இடிந்த வீட்டுக்கு இவற்றுள் ஒன்றும் விடையாகாது.

அதற்காகக் குற்றத்தைக் கடைசித் தொழிலாளியின் தலையில் கட்டிவிடுதலும் அறமன்று. பயிற்சி தரப்பெறாதவன், நேரம் தரப்பெறாதவன், “நிறுத்துங்கள், இது சரியில்லை” என்று சொல்லும் உரிமையும் அற்றவன் அவன் என்றால், அவன் திணித்த தாளில் வடிவமைத்தவருக்கும், விரைவுபடுத்தியவருக்கும், மலிவு கேட்டவருக்கும் பங்கு உண்டு. வேலையைப் பகிர்ந்தால் ஒவ்வொருவர் சுமையும் குறையும். பொறுப்பு அத்தகையதன்று; எத்தனை பேர் ஏற்றாலும் ஒவ்வொருவருக்கும் அது முழுமையாகவே உரியது.

இரவில் விளக்கணைத்து உறங்கும் குடும்பம் சுவருக்குள் என்ன இருக்கிறதென்று அறியாது. அறியாமலேயே நம்பிப் படுக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பவரே வீடு கட்டுபவர். மற்றையோர் பலகை அடுக்குபவரே.